பலகையில் ஜூலியா, வீட்டில் பைத்தான்

வாசல் பலகையில் பெயர் இருந்தும் வீட்டுக்குள் இடமில்லாதவர்கள் என்று ஒரு பட்டியல் போட்டால், பாகப்பிரிவினை வழக்கில் வாய்தா வாங்கியே வயசாகிப்போன பெரியண்ணன்களுக்கு அடுத்தபடியாக ஜூலியாவைச் சேர்க்க வேண்டும். ஜூலியா பெண்மணி அல்ல, கணினி மொழி. கணக்குப் போடுவதில் சூரப்புலி. கூகுள் கொலாப் என்ற இலவச மாளிகைக்குள் பின்பக்க ஜன்னல் வழியாக ஏறிக் குதித்து, ராத்திரியானால் வெளியே தள்ளப்பட்டு, மறுநாள் காலையில் மறுபடி ஏறிக் குதித்து, இப்படியே ஏழு வருஷத்துக்கு மேல் காலம் தள்ளியவள். அவள் சரித்திரத்தை முறையாகச் சொல்வதென்றால் முதலில் அந்தப் பலகை எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும்.

2001-ல், அமெரிக்காவின் போல்டர் நகரத்துக் கொலராடோ பல்கலைக்கழகத்தில், ஃபெர்னாண்டோ பெரெஸ் என்ற கொலம்பியாக்காரர் இயற்பியல் ஆய்வேட்டை எழுதி முடிக்க வேண்டிய கட்டத்தில் இருந்தார். ஆய்வேடு எழுத உட்காரும் மனிதனுக்கு உலகத்தின் மற்ற வேலைகள் அத்தனையும் அவசரமாகத் தெரியும். சிலர் பரணைச் சுத்தம் செய்வார்கள். பெரெஸ் பைத்தான் என்ற கணினி மொழியைச் சுத்தம் செய்தார். கட்டளையைத் தட்டினால் உடனே விடை; கேட்டதற்கும் கிடைத்ததற்கும் வரிசை எண். மொத்தம் 259 வரி. ஐபைத்தான் என்று பெயர் வைத்தார். ஆய்வேட்டைத் தள்ளிப்போடுவதால் தேசத்துக்கு நன்மை உண்டு என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆராய்ச்சி மாணவர்கள் இந்தப் பத்தியைக் கத்தரித்து வைத்துக்கொண்டு, வழிகாட்டி கோபப்படும்போது நீட்டலாம்.

2011 கடைசியில் அது பிரவுசருக்குள் நோட்டுப் புத்தகமாக விரிந்தது. ஒரு கட்டத்தில் நிரலை எழுதினால் அதன் கீழேயே விடை வரும், படம் வரும், குறிப்பும் எழுதிக்கொள்ளலாம். கட்டத்துக்குப் பெயர் செல். திரைக்குப் பின்னால் உட்கார்ந்து நிஜமாகக் கணக்குப் போடும் ஆசாமி கர்னல். 2014-ல் கட்டியவர்களுக்குப் பெரிய மனசு வந்தது. இந்த நோட்டு பைத்தானுக்கு மட்டும் ஏன் சொந்தமாக இருக்க வேண்டும், எந்த மொழியின் கர்னல் வந்து உட்கார்ந்தாலும் ஓடட்டுமே என்று முடிவு செய்து, புது வீட்டுக்கு ஜூபிடர் என்று பெயர் வைத்தார்கள். ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தால் முதல் இரண்டு எழுத்து ஜூலியாவுடையது, அடுத்த மூன்று பைத்தானுடையது, கடைசி எழுத்து ஆர் மொழி. நடுவே ஓர் உயிரெழுத்து வாடகை கொடுக்காமல் ஒண்டிக்கொண்டிருக்கிறது. கூடவே கலிலியோவுக்கும் ஒரு கும்பிடு. 1610 ஜனவரியில் வியாழனைச் சுற்றும் நிலாக்களை அவர் தன் குறிப்பேட்டில் வரைந்து வைத்தாரே, அதற்கு. கலிலியோவுக்கு ஒரு சௌகரியம் இருந்தது. அவருடைய குறிப்பேட்டில் எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டியிருக்கவில்லை. அவருக்குத் தொல்லையெல்லாம் ரோமிலிருந்துதான் வந்தது.

ஆக, பலகையில் முதல் பெயர் ஜூலியாவினுடையது. ஆவணமாகவே இருக்கிறது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு கிளைக்கதை. ஒரு மொழியைக் கணினியில் ஏற்றப் போய் முழிப்பது கொலாபோடு பிறந்த வியாதி அல்ல. 1957 ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை, பிட்ஸ்பர்க் பக்கத்திலிருந்த வெஸ்டிங்ஹவுஸ் பெட்டிஸ் அணு ஆய்வுக்கூடத்துக்குத் தபாலில் ஒரு பெட்டி வந்தது. உள்ளே சுமார் 2,000 துளை அட்டைகள். மேலே பெயர் இல்லை, உள்ளே கையேடு இல்லை, ‘அன்புடையீர்’ என்று ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. ஹெர்பர்ட் பிரைட்டும் அவருடைய சகாக்களும் பெட்டியைச் சுற்றி நின்று யோசித்து, ஐபிஎம்காரர்கள் ரொம்ப நாளாகத் தருகிறேன் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்த ஃபோர்ட்ரான் கம்பைலர் இதுவாகத்தான் இருக்கும் என்று ஊகித்தார்கள். ரொம்ப நாள் என்றால் நிஜமாகவே ரொம்ப நாள். அதைக் கட்டிக்கொண்டிருந்த ஜான் பேக்கஸின் குழுவிடம் எப்போது கேட்டாலும் ‘இன்னும் ஆறு மாசம்’ என்ற ஒரே பதில்தான். அந்த ஆறு மாசம் ஏறக்குறைய மூன்று வருஷம் நடந்தது.

பெட்டிஸ்காரர்கள் கையேடு இல்லாத பெட்டியை என்ன செய்தார்கள்? மனித குலம் வழக்கமாகச் செய்வதையே செய்தார்கள். அட்டைகளை ஐபிஎம் 704-க்குள் தள்ளி, ஏற்கெனவே எழுதி வைத்திருந்த நிரலைக் கொடுத்து ஓட்டிப் பார்த்தார்கள். இயந்திரம் கொஞ்ச நேரம் முனகிவிட்டு ஒரு பிழைச் செய்தியை அச்சடித்தது. இன்ன வகை வாக்கியம், இதில் வலது அடைப்புக்குறிக்குப் பிறகு காற்புள்ளி இல்லை என்றது. போய்ப் பார்த்தால் உண்மையாகவே காற்புள்ளி இல்லை. போட்டார்கள். 28 பக்கத்துக்கு விடை வந்தது.

இந்த வரலாற்றில் எனக்குப் பொறாமையாக இருப்பது ஒரே இடம்தான். இயந்திரம் என்ன தப்பு என்று சொன்னது; அந்தத் தப்பு, அது சொன்ன இடத்திலேயே இருந்தது. பிழைச் செய்திகளின் பொற்காலம் எது என்று கேட்டால் அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்று சொல்லுவேன். அதற்குப் பிறகு எல்லாம் இறங்குமுகம்.

ஜூலியாவுக்கு வருவோம். 2009 வாக்கில் நான்கு பேர் கூடினார்கள்: ஜெஃப் பெசான்சன், ஸ்டெஃபன் கார்பின்ஸ்கி, விரல் ஷா, எம்ஐடி பேராசிரியர் ஆலன் எடல்மன். 2012 பிப்ரவரி 14 அன்று, ஊரெல்லாம் ரோஜாப்பூ வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில், புது மொழியை உலகத்துக்கு அறிவித்தார்கள். ஏன் இன்னொரு மொழி என்ற கேள்விக்குப் பூசி மெழுகவில்லை. நாங்கள் பேராசைக்காரர்கள் என்று ஒப்புக்கொண்டார்கள். சி மொழியின் வேகம் வேண்டும், ரூபியின் நெகிழ்ச்சி வேண்டும், மேட்லேப் மாதிரி கணிதம் கணிதமாகவே தெரிய வேண்டும், பைத்தான் போல எல்லா வேலைக்கும் ஆக வேண்டும், ஆர் போல புள்ளியியல் கைவர வேண்டும், இன்னும் லிஸ்ப், பெர்ல் என்று பாத்தியதைப் பட்டியல் நீண்டது. ஆச்சரியம் என்னவென்றால், பெரும்பாலும் கொண்டும் வந்துவிட்டார்கள். 2019-ல் இவர்களில் மூன்று பேருக்கு எண்முறை மென்பொருளுக்கான வில்கின்சன் பரிசு கிடைத்தது.

விரல் ஷாவைப் பற்றி ஒரு வார்த்தை. இவர் ஆதார் திட்டத்தில் வேலை பார்த்தவர். நந்தன் நிலகேணியோடு சேர்ந்து 2015-ல் ‘ரீபூட்டிங் இந்தியா’ என்ற புத்தகத்தையும் எழுதினார். கைரேகை வைக்கும் திட்டத்துக்குப் பெயரிலேயே விரல் உள்ளவர் போய்ச் சேர்ந்தது தமிழ் தெரிந்தவர்களுக்கு மட்டும் கிடைக்கும் உபரி இன்பம். கோடிக்கணக்கான இந்தியர்களுக்கு அடையாள அட்டை கொடுத்த கூட்டத்தில் இருந்தவர் பெற்ற பிள்ளைக்கு, கொலாபில் முகவரிச் சான்று கிடைக்கவில்லை.

2017 அக்டோபரில் கூகுள் தன் கொலாபை ஊருக்குத் திறந்துவிட்டது. அதே ஜூபிடர் நோட்டுதான், ஆனால் ஓடுவது கூகுளின் கணினியில். காசு கிடையாது. கொஞ்சம் கெஞ்சினால் கிராஃபிக்ஸ் கார்டுகூடக் கிடைக்கும். ஹாஸ்டல் அறையில் நாலு வருஷத்து மடிக்கணினியை விசிறிக்கொண்டிருந்த மாணவர்கள் பெட்டி படுக்கையோடு குடியேறினார்கள். வீட்டுக்காரரின் நிபந்தனைகள் எளிமையானவை. அதிகபட்சம் 12 மணி நேரம் தங்கலாம். சும்மா உட்கார்ந்திருந்தால் அதற்கு முன்பே காலி செய்ய வேண்டும். போகும்போது கொண்டுவந்த சாமான் எதுவும் மிஞ்சாது. வீட்டையே இடித்துவிட்டு அடுத்தவருக்குப் புதிதாகக் கட்டித் தருவார்கள். இதைச் சமாளிக்க நம் மக்கள், நிமிஷத்துக்கு ஒரு தரம் கனெக்ட் பொத்தானைத் தானாக அமுக்கும் நாலு வரி ஜாவாஸ்கிரிப்டை பிரவுசரில் போட்டுவிட்டுத் தூங்கப் போனார்கள். உள்ளே ஆள் இருக்கிறது என்று காட்ட ராத்திரி முழுக்க விளக்கை அணைத்து அணைத்துப் போடும் வித்தை. வீட்டுக்காரரும் கண்டுபிடித்துவிட்டார்.

முன்ஹால், மாடி, கொல்லை எல்லாம் பைத்தானுக்கு. ஆர் மொழிக்கு ஒரு பின்கட்டு இருந்தது. ஆனால் மெனுவில் தெரியாது. ஒரு விசேஷ இணைய முகவரியைத் தெரிந்து வைத்திருந்தவர்களுக்கு மட்டும் அந்தக் கதவு திறந்தது. பிற்பாடுதான் ஆர் மெனுவில் ஏறியது. ஜூலியா விண்ணப்பம் போட்டுக் காத்திருந்தாள். அந்தப் பேச்சுவார்த்தை எப்படி இருந்திருக்கும் என்பதை ஊகிக்கச் சென்னையில் ஒரு முறை வீடு தேடியிருந்தால் போதும்.

“சார், வீடு காலியா இருக்குன்னு சொன்னாங்க.”

“யாரும்மா நீ?”

“ஜூலியா, சார். கணக்கு வேலை. எம்ஐடி பக்கம்.”

“எத்தனை பேர் வருவீங்க?”

“இப்போதைக்குக் கொஞ்சம் பேர்தான். ஆனா எல்லாரும் பிஎச்டி.”

“அதான் யோசனையா இருக்கு. தரைத்தளத்தை என்னன்னு எண்ணுவீங்க?”

“ஒண்ணுன்னுதான் சார்.”

“இங்க எல்லாம் பூஜ்யத்துலேருந்து எண்ணுறவங்கம்மா. ஒத்துவராது.”

“பின்கட்டு ஆர் அண்ணாச்சியும் ஒண்ணுலேருந்துதானே சார் எண்ணுறாரு?”

“அவரு ரொம்ப நாளா இருக்காரு. அவரைக் கேக்க முடியாது.”

“சார், வாசல்ல என் பேருதானே முதல்ல எழுதியிருக்கு?”

“அது கட்டினவங்க வச்ச பேரு. நான் வாங்கி பெயிண்ட் அடிச்சதோட சரி.”

இது கற்பனை. அடுத்தது கற்பனை இல்லை. 2018-ல் கூகுளில் ஒரு குழு, டென்சர்ஃப்ளோ என்ற தங்கள் இயந்திரக் கற்றல் நிரலகத்துக்குத் தோதான புது மொழி எது என்று ஆராய்ந்தது. கடைசிச் சுற்றில் நான்கு பேர்: ஸ்விஃப்ட், ரஸ்ட், சி பிளஸ் பிளஸ், ஜூலியா. ரஸ்டையும் சி பிளஸ் பிளஸையும் ‘பழகக் கஷ்டம்’ என்று கழித்துவிட்டார்கள். மிஞ்சியது ஸ்விஃப்டும் ஜூலியாவும். ஸ்விஃப்டைத் தேர்ந்தெடுத்தோம் என்று அறிக்கை வெளியானது. காரணங்கள் மூன்று: அதற்கு ஆள்கட்டு அதிகம், எழுத்து நடை பைத்தானுக்கு நெருக்கம், அதன் உள்விவகாரம் எங்களுக்கு நன்றாகத் தெரியும். மூன்றாவது காரணம் சத்தியமான வார்த்தை. குழுவை நடத்திய கிறிஸ் லேட்னர்தான் ஸ்விஃப்டைப் படைத்தவரே. பிறகு உள்விவகாரம் தெரியாமலா இருக்கும்?

ஸ்விஃப்டுக்குக் கொலாபில் அறை ஒதுக்கினார்கள். லேட்னர் 2020-ல் கூகுளை விட்டுக் கிளம்பினார். 2021 பிப்ரவரியில் அந்தத் திட்டத்தையே மூட்டை கட்டி ஆவணக் காப்பகத்தில் போட்டார்கள். காலியான அறையையாவது ஜூலியாவுக்குத் தந்தார்களா? ஊஹூம்.

எனவே ஜன்னல். எம்ஐடியின் ஸ்டீவன் ஜான்சன் ஐஜூலியா என்ற பாலத்தை ஏற்கெனவே கட்டி வைத்திருந்தார். ஃபூரியே உருமாற்றத்துக்கு ‘மேற்குத் திசையிலேயே வேகமானது’ என்று கௌபாய் பட விளம்பரம் போலப் பெயர் வைத்து எஃப்எஃப்டிடபிள்யூ என்ற நிரலகத்தைக் கொடுத்த இருவரில் ஒருவர் இவர். ஜூபிடர் நோட்டு பேசுவது ஜூலியாவுக்கும், ஜூலியா பேசுவது நோட்டுக்கும் புரிய வைப்பது ஐஜூலியாவின் வேலை. பாலம் தயார். அதைக் கொலாபுக்குள் யார் தூக்கிக்கொண்டு போய் வைப்பது என்பதுதான் கேள்வி.

கொலாபில் ஒரு வேடிக்கை உண்டு. நமக்குக் கிடைப்பது வெறும் நோட்டு அல்ல. பின்னால் முழு லினக்ஸ் இயந்திரம், அதுவும் ரூட் அதிகாரத்தோடு. சுவரை இடிக்கலாம், குழாயை மாற்றலாம், மெனுவில் ஒரு பெயரைச் சேர்க்க மட்டும் முடியாது. செல்லில் ஆச்சரியக்குறி போட்டு எழுதுவது பைத்தானுக்குப் போகாமல் லினக்ஸுக்குப் போகும். ஆக, பைத்தான் மடியில் உட்கார்ந்துகொண்டே அதன் சக்களத்தியை வீட்டுக்குள் இறக்கலாம். அப்படித்தான் இறக்கினார்கள். லினக்ஸின் ஆப்ட் கட்டளை மூலம் வாங்கலாமே என்று போனவர்களுக்கு உபுண்டு கிட்டங்கியிலிருந்து ஓரிரு தலைமுறை பழைய ஜூலியா கிடைத்தாள். அவளுக்கு இன்றைய பேச்சுவழக்கே புரியவில்லை. விவரமானவர்கள் டபிள்யூகெட் போட்டு ஜூலியாவின் சொந்த இடத்திலிருந்தே டார் கோப்பை இறக்கி, யூஎஸ்ஆர் லோக்கல் அடைவில் பிரித்து, ஐஜூலியாவை ஏற்றினார்கள். சில நிமிஷம் திரையில் எழுத்து ஓடும். ‘பிரீகம்பைலிங்’ என்று வரும். வந்துகொண்டே இருக்கும்.

முடிந்ததும் வேலை முடிந்துவிட்டது என்று நினைப்பவன் அப்பாவி. ஐஜூலியா தன்னைப் பதிவு செய்துகொள்ளும்போது பதிப்பு எண்ணையும் ஒட்டிக்கொண்டு ‘ஜூலியா-1.6’ என்று எழுதிக்கொள்ளும். நோட்டின் வயிற்றுக்குள் இருக்கும் தகவல் பகுதியிலோ ‘ஜூலியா’ என்று மட்டும் இருக்கும். ஆதாரில் ஒரு இன்ஷியல், ரேஷன் கார்டில் வேறு இன்ஷியல். கொலாப் கவுண்ட்டரில் உட்கார்ந்திருக்கும் பிரகஸ்பதி இரண்டும் ஒரே ஆள் என்று ஒப்புக்கொள்ள மாட்டார். ஆகவே அந்தக் கர்னல் அடைவின் பெயரை மாற்ற இன்னொரு கட்டளை. அதற்கும் முன்னால், நோட்டுக் கோப்பை இறக்கி, சாதாரண எடிட்டரில் திறந்து, ‘பைத்தான்3’ என்று இருக்கும் இடத்தில் ‘ஜூலியா’ என்று கையால் திருத்தி மறுபடி ஏற்றியிருக்க வேண்டும். பத்திரத்தில் பெயர் திருத்துவது நம்மவர்களுக்குக் கைவந்த கலை என்பதால் இதில் பெரிய சிரமம் இருந்ததாகத் தெரியவில்லை.

எல்லாம் சரியாக நடந்தால் கடைசிச் சடங்கு: பக்கத்தை ரீலோட் செய்ய வேண்டும். எஃப்5. நோட்டு புதிதாக எழுந்து, யார் யார் கர்னல் இருக்கிறார்கள் என்று இயந்திரத்தைக் கேட்கும்போதுதான் ஜூலியா தன் தலையைக் காட்ட முடியும். இங்கேதான் பல வீரர்கள் மாண்டார்கள். கணினித் துறையில் ஒரு சர்வரோக நிவாரணி உண்டல்லவா, அணைத்துப் போட்டுப் பார்ப்பது? பக்கத்தை ரீலோட் செய்யச் சொன்னதை, ரன்டைமை, அதாவது பின்னாலிருக்கும் அந்த இயந்திரத்தையே, ரீசெட் செய்யச் சொன்னதாக எடுத்துக்கொண்டு அந்தப் பொத்தானை அமுக்கியவர்களுக்குப் பளபளவென்று ஒரு புது இயந்திரம் கிடைத்தது. உள்ளே பைத்தான் சிரித்துக்கொண்டிருந்தது. ஜூலியாவின் சுவடே இல்லை. கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும் என்று நடுவில் ஆசைப்பட்டு ரன்டைம் வகையை மாற்றியவர்களுக்கும் இதே கதி. கார்டு உள்ள வீடு வேறு தெருவில் இருக்கிறது, அங்கே மறுபடி முதலிலிருந்து ஜன்னல் ஏற வேண்டும்.

அந்த முதல் செல்லைக் கிட்டத்தில் பார்த்தால் வினோதம் தெரியும். நோட்டின் பெயர் ஜூலியா நோட்டு. இரண்டாவது செல்லிலிருந்து எல்லாம் ஜூலியா. முதல் செல் மட்டும் ஜூலியா இல்லாத நேரத்தில் ஓட வேண்டியது. ஆகவே அதன் தலையில் பைத்தான் நோட்டுக்கே உரிய இரட்டைச் சதவீதக்குறி மந்திரம், உடம்பெல்லாம் பாஷ் கட்டளைகள், வயிற்றில் மேற்கோள்குறிக்குள் இரண்டு வரி ஜூலியா. ஒரே செல்லில் மூன்று மொழி. ஜூலியா குடிவந்த பிறகு அதே செல்லைத் தெரியாமல் மறுபடி ஓட்டினால் ஜூலியாவே ‘இது என்ன பாஷை?’ என்று பிழை காட்டுவாள். அவளை உள்ளே கொண்டுவந்த ஏணியை அவளுக்கே அடையாளம் தெரியாது.

இப்போது அந்தப் புகழ்பெற்ற பிழைக்கு வருவோம். சாப்பிடப் போய்விட்டுத் திரும்புகிறீர்கள். அதற்குள் வீட்டை இடித்துக் கட்டிவிட்டார்கள். நோட்டைத் தொட்டதும் மூலையில் ஒரு சின்ன அறிவிப்பு எட்டிப் பார்க்கும்: ஜூலியா என்ற ரன்டைமைத் தெரியவில்லை, பைத்தான்3-க்கே போகிறோம். படிப்பதற்குள் மறைந்துவிடும். நீங்கள் கவனிக்கவில்லை. நேற்று ஓடிய அதே செல்லை ஓட்டுகிறீர்கள். ‘யூசிங் பிளாட்ஸ்’ என்று முதல் வரி. சின்டாக்ஸ் எரர் என்கிறது. வரிக்குக் கீழே ஒரு சின்னக் கூரைக்குறி போட்டு, இதோ இங்கேதான் தப்பு என்று விரலை வேறு நீட்டுகிறது. பிரிண்ட்எல்என் போட்டு வணக்கம் சொல்லிப் பார்க்கிறீர்கள். அப்படி ஒரு பெயரையே கேள்விப்பட்டதில்லை என்கிறது. கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லைதான். நீங்கள் ஜூலியாவோடு பேசுவதாக நினைத்துக்கொண்டு பைத்தானோடு பேசிக்கொண்டிருக்கிறீர்கள். பைத்தானும் ‘ராங் நம்பர்’ என்று சொல்லாமல், ‘உங்கள் இலக்கணம் சரியில்லை’ என்று திருத்துகிறது.

எத்தனையோ நல்ல நிரல்கள் இந்த இடத்தில் பாழாயின. தப்பே இல்லாத வரிகளைத் திருத்தித் திருத்தி, கடைசியில் ஜூலியா திரும்பி வந்தபோது அவளுக்கும் புரியாத நிலைக்குக் கொண்டுபோனவர்கள் உண்டு. பெட்டிஸ் ஆய்வுக்கூடத்தின் காற்புள்ளியை நினைத்துப் பாருங்கள். 1957-ன் இயந்திரத்துக்கு ஓர் அறை நிறைய உடம்பு. ஆனால் பொய் சொல்லத் தெரியாது.

ஜூலியாஅப் வந்த பிறகு வேறொரு கூத்து. ஒரே வரியில் ஜூலியாவை ஏற்றும் நல்ல கருவி அது. வெற்றிகரமாக ஏற்றிவிட்டேன் என்று சொல்லும். அடுத்த செல்லில் ஜூலியாவைக் கூப்பிட்டால், ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’. காரணம் இதுதான்: ஜூலியாஅப் தன் விலாசத்தைப் பாஷ்ஆர்சி கோப்பில் எழுதி வைக்கிறது. கொலாபில் ஒவ்வோர் ஆச்சரியக்குறிக்கும் ஒரு புது ஷெல் பிறந்து, அந்தக் கோப்பைப் படிக்காமலே வேலையைச் செய்து, வரி முடிந்ததும் இறந்துபோகிறது. எக்ஸ்போர்ட் போட்டுப் பாத்தைச் சொல்லிக்கொடுத்தால், கேட்டுக்கொண்டது சரி, கேட்டுக்கொண்டவன் இப்போது இல்லை. பைத்தானிடமே போய், ஓஎஸ் என்விரானில் பாத்தை மாற்றச் சொல்லிக் கெஞ்ச வேண்டும். ஜூலியா எங்கே இருக்கிறாள் என்ற விலாசத்தைக் கடைசியில் பைத்தான்தான் எழுதிக் கொடுத்தது.

தினமும் ஏறிக் குதிப்பானேன், சாமானைக் கூகுள் டிரைவில் போட்டு வைத்தால் என்ன என்று யோசித்த சிக்கனக்காரர்களும் இருந்தார்கள். டிரைவை மவுண்ட் செய்து ஜூலியாவை அங்கே பிரித்தால், டார் கோப்பிலிருக்கும் சிம்பாலிக் லிங்குகள் டிரைவுக்கு ஒவ்வாமை. பேக்கேஜ் அடைவிலோ ஆயிரக்கணக்கில் பொடிப்பொடிக் கோப்புகள். டிரைவ் ஒவ்வொன்றையும் எடுத்து வைப்பதற்குள் புதிதாக இறக்கியே முடித்துவிடலாம். பிறகு டார் கோப்பை டார் கோப்பாகவே டிரைவில் வைத்து, தினமும் உள்வட்டுக்கு நகலெடுத்துப் பிரிக்கும் நடுவழிக்கு வந்து சேர்ந்தார்கள்.

நியாயமாக ஜூலியாவின் குற்றத்தையும் சொல்ல வேண்டும். வேகம் வேகம் என்று பெயர் வாங்கியவள், முதல் படத்தை வரைய எடுத்துக்கொள்ளும் நேரம் ஊரறிந்த கேலி. ஓட்டும் முன் எல்லாவற்றையும் இயந்திர மொழிக்குப் பெயர்க்கும் குணத்தால் வந்தது. ஒரு நேர்கோடு வரைந்து காட்டு என்றால், புறப்படுவதற்கே அத்தனை சிங்காரம். புறப்பட்ட பிறகு பிடிக்க முடியாது. தன் வீட்டில் தன் கணினியில் இருப்பவருக்கு இது ஒரு நாள் கூத்து. தினமும் புது வீடு என்ற கொலாப்வாசிக்குத் தினமும் கூத்து. 2023 மே மாதம் வந்த 1.9 பதிப்பு, பெயர்த்த இயந்திர மொழியைச் சேமித்து வைக்கக் கற்றுக்கொண்டதால் இந்த உபத்திரவம் பெருமளவு குறைந்தது. கொலாபில் அந்தச் சேமிப்பும் ராத்திரி இடிபட்டது என்பது வேறு விஷயம்.

2025-ல் கொலாபுக்கு மனசு இளகியது. ரன்டைம் பட்டியலில் பைத்தான், ஆர் இரண்டோடு ஜூலியாவின் பெயரும் ஏறியது. பால் காய்ச்சவில்லை, பத்திரிகை அடிக்கவில்லை. வெளியீட்டுக் குறிப்பில் சொன்னதோடு சரி. பலகை மாட்டிப் பதினோரு வருஷம், வீடு திறந்து ஏழு வருஷம் கழித்து, மூவரில் முதல் பெயருக்குரியவள் முன்வாசல் வழியாக உள்ளே வந்தாள்.

இனி ஜூலியா எழுத நினைப்பவர்களுக்கு வேலை சுலபம். ரன்டைம் மெனுவில் சேஞ்ச் ரன்டைம் டைப் என்பதைத் திறந்து ஜூலியாவைத் தேர்ந்தெடுங்கள், அவ்வளவுதான். யாராவது பழைய ஜூலியா நோட்டைக் கொடுத்தால், டபிள்யூகெட்டும் டாரும் கிடக்கும் அந்த முதல் செல்லை ஓட்டாதீர்கள், அழித்துவிடுங்கள். நீங்கள் சேர்க்கும் பேக்கேஜுகள் இப்போதும் இயந்திரத்தோடு போய்விடும், 12 மணி நேரக் கெடுவும் அப்படியே இருக்கிறது. விடைகளை டிரைவில் எழுதிவிட்டுத் தூங்கப் போங்கள்.